துப்பினால் சைவம்

கோத்தகிரி பஜாரில் டீ மேக்கர் ஆறுமுகசாமியின் முகத்தை மறந்தவர்கள் உண்டு. நாக்கை மறந்தவர்கள் கிடையாது. இருபத்தாறு வருடமாக ஒரே ஃபேக்டரியில் பச்சை இலையை வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, உலர்த்தித் தூளாக்கி அனுப்பியவர். தினமும் காலை பத்து மணிக்கு முந்தின நாள் தூளைக் கொதிநீரில் ஊறவைத்து, பன்னிரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் அவர் முன்னால் வரிசையாக வைப்பார்கள். ஆறுமுகசாமி ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கரண்டி மொண்டு, உதட்டைக் குவித்து, ஒரே உறிஞ்சாக உறிஞ்சுவார். எதிரே சோலையில் இருக்கும் குரங்குகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். தேநீர் அவர் வாய்க்குள் சாரலாக அடித்து அண்ணமெல்லாம் நனைக்கும். ஒரு நொடி கண்ணை மூடுவார். பிறகு பக்கத்தில் நிற்கும் உயரமான பித்தளைத் தொட்டியில் துப்பிவிட்டு, "ராத்திரி ஷிப்ட்ல டிரையர்காரன் தூங்கீட்டானுங்க" என்பார்.

தூங்கித்தான் இருப்பான்.

தேயிலை ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. விழுங்கினால் பத்தாவது கிண்ணத்தில் நாக்கு மரத்துவிடும், முப்பதாவதில் மனிதனே மரத்துவிடுவான். ஆறுமுகசாமி தன் வாழ்நாளில் துப்பிய தேநீரைச் சேர்த்து வைத்திருந்தால் கோத்தகிரிக்கு ஒரு கோடைக்காலத்துக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இருந்திருக்காது. வீட்டில் அவர் விழுங்கியது மனைவி மருதாம்பாள் காலையிலும் மாலையிலும் கொடுத்த இரண்டு டம்ளர் மட்டும். அதுவும் காபி.

அந்த நாக்கின் புனிதத்துக்குக் காரணம் சைவம் என்று அவர் உறுதியாக நம்பினார். கோயமுத்தூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம். மூன்று தலைமுறையாக முட்டை ஓட்டைக்கூட மிதித்தது கிடையாது. டிரையரில் வேலை பார்த்த சில்வஸ்டர் வருடா வருடம் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்து நீட்டுவார். ஆறுமுகசாமி பொட்டலத்தைப் பிரிக்காமலே மூக்குக்கு நேராகப் பிடித்து, "மூணு முட்டை" என்று சொல்லி, மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். பஜாரில் அபுபக்கர் பாயின் கோழிக்கடை வரும் இடத்தில் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டு, கடை தாண்டியதும் மறுபடி இந்தப் பக்கம் வருவார். இதற்காக இருபத்தாறு வருடத்தில் அவர் கூடுதலாக நடந்த தூரம் மேட்டுப்பாளையத்துக்குப் போய் வரும் தூரத்துக்குக் குறையாது.

அப்புறம் தேயிலைக்கு விலை போச்சு.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்தில் ஒரு கிலோ பச்சை இலையைப் பறித்துச் சுமந்து கொண்டுபோய் விற்றவன், அந்தக் காசில் பஜாரில் நின்று ஒரு வடையும் டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும் என்கிற நிலைமை. ஊட்டியில் கூட்டம் போட்டார்கள், குன்னூரில் ஊர்வலம் போனார்கள். தேயிலை இவை எதையும் கவனிக்காமல் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு செவ்வாய்க்கிழமை மட்டும் ஓடியது, பிறகு செவ்வாய்க்கிழமையையும் மற்றக் கிழமைகளோடு சேர்த்துவிட்டார்கள். சில்வஸ்டர் உட்பட முக்கால்வாசிப் பேர் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டார்கள். மிஞ்சியது மூன்று பேர்: ஆறுமுகசாமி, ஒரு வாட்ச்மேன், முதலாளி பிரசாத்.

பிரசாத் சின்னவர். அப்பா இருந்தவரை சென்னையில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தவர். அப்பா போன பிறகு தேயிலையைப் படிக்க வந்தார். அவர் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டார்கள். அதனால் மேட்டின் மேல் சும்மா கிடந்த பழைய பங்களாவை கெஸ்ட் ஹவுஸாக மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தார். ஒரு டிசம்பர் காலையில் ஆறுமுகசாமியைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏனுங்கண்ணா, ஆயுத பூஜைக்கு இருநூறு பேருத்துக்கு நீங்கதான சாம்பார் வெச்சீங்க?"

"ஆமாங்க தம்பி."

"பங்களாவுக்குச் சமையலாள் வேணுங்கண்ணா. வெளியாள் வந்தா அவுருக்குத் தங்க எடம் குடுக்கோணும். இருக்கறது உங்க குவார்ட்டர்ஸ் ஒண்ணுதான்."

ஆறுமுகசாமிக்கு உடனே கோயமுத்தூரில் இருக்கும் மச்சினனின் முகம் தெரிந்தது. மச்சினன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை உண்டு. அதில் இப்போது பழைய சைக்கிள் இருக்கிறது. சைக்கிளை வெளியே எடுத்துவிட்டு அக்காளையும் மாமனையும் உள்ளே வைக்க மச்சினன் ரொம்ப நாளாகவே தயாராக இருந்தான். மாமனின் நாக்கிடம் ஒருமுறை தன் வீட்டுக் காபிக்கு வாங்கிய மதிப்பெண்ணை அவன் மறக்கவில்லை.

"நானே பாத்துக்கறேனுங்க தம்பி. சமையல் எனக்குக் கைவந்த வேலைதானுங்க."

"கோழியெல்லாம் வெப்பீங்கல்ல?"

இதற்கு ஒரு நேர்மையான பதில் இருந்தது. அந்தப் பதிலுக்குக் கீழே ஒரு சைக்கிளும் இருந்தது.

"அதென்னங்க பெரிய வித்தை" என்றார் ஆறுமுகசாமி. "எல்லாம் எலை மாதிரித்தானுங்க."

கோழி எந்த விதத்தில் இலை மாதிரி என்று பிரசாத் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து கீர்த்திவாசன் என்கிற டிராவல்ஸ்காரர் மனைவியோடு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். சாப்பாடு பிடித்துவிட்டால் வாரா வாரம் ஒரு வேன் ஆட்களை அனுப்புவார். பிடிக்காவிட்டால் பிரசாத் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போவார். ஆறுமுகசாமி மாடிப்படிக்குக் கீழே போவார்.

மருதாம்பாள் சேதியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு தன் சட்டங்களை அறிவித்தாள்.

"என்ற அடுப்புல ஆகாது. என்ற பாத்திரம் ஒண்ணு அங்க வரப்படாது. அங்க போட்ட துணியோட இந்த ஊட்டுக்குள்ள கால் வெக்கப்படாது. கொல்லையில தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் வரோணும்."

"பனி கொட்டுது புள்ள. பச்சத் தண்ணியிலயா?"

"சுடுதண்ணி வேணும்னா அந்தக் கோழியவே வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஆறுமுகசாமி, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, ரோட்டைக் கடக்காமல் அபுபக்கர் பாயின் கடை முன்னால் நின்றார். குளிருக்குத் தலையில் கட்டியிருந்த மஃப்ளரை மூக்கு வரைக்கும் இறக்கியிருந்தார். திருட வந்தவன்கூடக் கொஞ்சம் முகம் காட்டுவான்.

அபுபக்கர் உற்றுப் பார்த்தார். "மேக்கரே. வழி தப்பி வந்துட்டீங்களா?"

"ஒரு கோழி வேணுங்க பாய். ரெண்டு கிலோவுல."

"யாருக்கு?"

"பங்களாவுக்கு."

"யாரு சமைக்கிறது?"

ஆறுமுகசாமி தராசைப் பார்த்தார். அபுபக்கரின் மீசைக்குள் கிளம்பிய சிரிப்பு பாதி வழியில் நின்று, துக்க வீட்டுக்குப் போனவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

அந்தப் பக்கம் ஒரு காலண்டர் இருந்தது. ஆறுமுகசாமி டிசம்பர் மாதத்தின் நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் படித்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு இறக்கைச் சத்தம், ஒரு கேவல், பிறகு தகர டிரம்முக்குள் எதுவோ முட்டி முட்டி அடங்கும் சத்தம் கேட்டன. ஜனவரி மாதத்தையும் தூக்கிப் பார்த்துப் படித்தார். கூடவே ஒரு வாசம் வந்தது. வெந்நீரில் நனைந்த இறகு வாசம், ரத்தத்தின் துருவாசம், அதற்கடியில் இளஞ்சூடான ஏதோ ஒன்று. பன்னிரண்டு கிண்ணங்களில் எது கால் மணி நேரம் கூடப் புளித்தது என்று சொல்லும் மூக்கு அது. அது இப்போது அவர் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, பெயர் சொல்லிக்கொண்டே போனது.

"தோலோடயா, உரிச்சா?"

"எது நல்லதுங்க?"

"உரிச்சுக்குங்க. எப்படி வெட்ட?"

ஆறுமுகசாமி தனக்குத் தெரிந்த அளவில் சொன்னார். "ரொம்பத் தூளாப் போயிரக்கூடாதுங்க பாய். குருணையாவும் வேண்டாம். எல்லாம் ஒரே சைஸா இருக்கோணும்."

அபுபக்கர் கத்தியை ஓங்கியபடியே கொஞ்சம் யோசித்துவிட்டு வெட்டினார். பிறகு மாடிப்படி ஏறி, மனைவி ரசியாவை எழுப்பி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோழிக்குழம்புக்குச் செய்முறை எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். "இதுல இருக்கறத அப்படியே செய்யுங்க. எங்க வீட்ல இருவது வருஷமா இதான்."

கறுப்புப் பாலித்தீன் பை கைக்கு வந்தது. அது சூடாக இருந்தது. இதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்த காலையில், அந்தப் பை தூங்கும் குழந்தை மாதிரிக் கதகதப்பாக அவர் தொடையில் சாய்ந்துகொண்டது. விறைத்துப்போன விரல்கள் அவரைக் கேட்காமலேயே அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டன. அதை உணர்ந்ததும் ஆறுமுகசாமி பஸ்ஸில் பையைத் தன் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். வளைவில் பஸ் திரும்பியபோது அது நகர்ந்து மறுபடியும் அவரிடமே வந்தது.

பங்களாச் சமையலறையில் கோழியைப் பதினொரு தடவை கழுவினார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ரோஜா நிறத்தில் போனது. எலும்பின் முனையில் வழவழவென்று ஒரு வெள்ளை, நரம்பு மாதிரி ஒரு நீலம், விரலுக்குத் தப்பி வழுக்கும் மஞ்சள் கொழுப்பு. ஒரு துண்டைப் பிடித்தால் அது அவரைப் பிடித்தது. குமட்டல் தொண்டைவரை வந்து நின்று, பணிவான வேலைக்காரன் மாதிரி உத்தரவுக்குக் காத்திருந்தது. ஆறுமுகசாமி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டாவது தடவையும் கழுவினார்.

இங்கேதான் இருபத்தாறு வருட அனுபவம் குறுக்கே வந்தது.

ரசியாவின் தாளில் முதல் வரி, 'கோழியைக் கழுவித் தண்ணியை நல்லா வடிக்கவும்' என்றது. தண்ணீரை வடிப்பது என்றால் என்ன என்று ஆறுமுகசாமிக்கு இந்த மலையில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் சொட்டச் சொட்ட வரும் இலையை அப்படியே அரைக்கும் ரோலரில் போடுகிறவன் டீ மேக்கரே இல்லை. ஈர இலையைக் கம்பி வலை போட்ட தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்றை விட்டு, மணிக்கணக்கில் வாட்ட வேண்டும். கையில் அள்ளிப் பிடித்தால் பந்து மாதிரி நிற்கும் பதம் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றது.

எனவே அவர் ஃபேக்டரியைத் திறந்தார். மாடியில் அறுபதடி நீளத் தொட்டி. அதன் நடுவில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, இருபத்திரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பினார். பத்தாயிரம் பேர் உட்காரும் மைதானத்தில் இருபத்திரண்டு பேர் வெயில் காய்கிற மாதிரி இருந்தது. பிறகு, பல மாதமாகச் சும்மா கிடந்த பெரிய ஃபேனைப் போட்டார்.

அரை மணிக்கு ஒருமுறை துண்டுகளைப் புரட்டிவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பதம் பார்த்தார். பதம் பார்ப்பதற்கு ஒரே வழிதான் உண்டு: கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்ப்பது. இலை இறுக்கிப் பிடித்தால் இலையாகவே இருக்கும். கோழித்தொடை இறுக்கிப் பிடித்தால், உள்ளே ஒரு எலும்பு மெல்ல நகர்ந்து, தான் முன்பு நடந்துகொண்டிருந்ததைத் தெரிவித்தது. ஆறுமுகசாமி அந்தத் துண்டைக் கீழே வைத்துவிட்டு, படிக்கட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஃபேன் சாதாரண ஃபேன் இல்லை. ஃபேக்டரியிலிருந்து கவுச்சியை எடுத்துக்கொண்டு போய்க் குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கியது. எட்டரை மணிக்கு மருதாம்பாள் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு ஃபேக்டரிக்குக் கீழே நின்றாள்.

"ஏனுங்க, கோழி சமைக்கப் போனீங்களா, இல்ல ஊருக்கே கோழி வாசம் காட்டப் போனீங்களா?"

"வாட்டம் புடிக்கோணும் புள்ள."

"யாருக்கு?"

"கோழிக்கு."

மருதாம்பாள் முந்தானையை இன்னும் இறுக்கினாள். "எனக்கும் பிடிச்சுப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போய் எல்லா ஜன்னலையும் சாத்தினாள்.

பத்து மணிக்குத் துண்டுகள் ஈரம் போய், மேற்புறம் இறுகி, பார்க்கவே கட்டுச்செட்டாக ஆகியிருந்தன. ரசியா சொன்னபடி எண்ணெய், பட்டை, கிராம்பு, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, மல்லி, மிளகாய், மிளகு, குத்துமதிப்பாகக் கொஞ்சம் உப்பு. இதுவரை எல்லாம் ஆறுமுகசாமியின் சொந்த நாடு. அந்த மசாலா வாசத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு கோழியைப் போட்டார். சொந்த நாட்டில் வெளியாள் புகுந்தான். பச்சை மாமிசம் சூட்டில் வெளுத்துச் சுருங்கி, 'சொர்ர்' என்று தன் தண்ணீரை விட்டது. மூன்று மணி நேரம் வாட்டியும் தண்ணீர் விடும் பொருளை அவர் அதுவரை பார்த்ததில்லை. சாம்பல் நிறத்தில் நுரை மிதந்தது. மஃப்ளரால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கை நீளத்துக்குத் தள்ளி நின்று, நீளக் கரண்டியால் கிளறினார்.

பதினொன்றேகாலுக்கு எண்ணெய் பிரிந்து மேலே வந்தது. தாளில் கடைசி வரி மட்டும் பாக்கி. ஆறுமுகசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'ருசி பார்த்து உப்புப் போடவும்.'

இருபது வருடமாக ரசியாவின் வீட்டில் அந்த வரியால் யாருக்கும் கஷ்டம் வந்ததில்லை.

முதலில் வேறு நாக்கைத் தேடினார். வாட்ச்மேனிடம் போனால், மனிதர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கரண்டியைப் பார்த்ததும் "சாமியே சரணம்" என்று சொல்லி நான்கடி பின்னால் நகர்ந்தார். பங்களா நாய்க்கு ஒரு எலும்பைப் போட்டார். நாய் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. மற்றபடி உப்பைப் பற்றி அது கருத்து எதுவும் சொல்லவில்லை. பிரசாத் விருந்தாளிகளை அழைத்துவர பஜாருக்குப் போய்விட்டார். மணி பதினொன்று நாற்பது.

சாம்பார் என்றால் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் இந்த வாசம் அவர் மூக்குக்குப் புதிது. இது உப்புக் குறைந்த வாசமா, உப்பு நிறைந்த வாசமா, கோழியின் வாசமே இதுதானா என்று சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிப் போட்டுவிடலாம். தப்பினால் சைக்கிள் வெளியே வரும்.

அப்போதுதான் ஆறுமுகசாமிக்குச் சட்டத்தில் ஒரு சந்து தெரிந்தது. வாயில் போடுவது வேறு, தின்பது வேறு. இருபத்தாறு வருடமாக லட்சக்கணக்கான கிண்ணம் தேநீரை வாயில் போட்டிருக்கிறார். அவரை யாராவது டீக்குடியன் என்று சொன்னதுண்டா? இல்லை. விழுங்காதது உணவல்ல. இது சாட்சியங்களோடு நிற்கும் வாதம் என்று அவருக்குத் தோன்றியது. இருந்தாலும் மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க, குவார்ட்டர்ஸ் ஜன்னலை வெளியிலிருந்து தட்டினார்.

"புள்ள, ஒண்ணு கேக்கறேன். வாயில போட்டுத் துப்பீட்டா அது தின்னதாகுமா?"

உள்ளே முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் நின்றது. பிறகு மருதாம்பாளின் குரல் வந்தது. "கவுரவமா கேக்கறீங்க, அதனால சொல்றேன். வாயில போறது போறதுதானுங்க."

"அப்ப உன்ற தம்பியூட்டு மாடிப்படிக்குப் போலாமா?"

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்து, ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்தது.

"முழுங்கிராதீங்க" என்றது ஜன்னல்.

ஆறுமுகசாமி முறைப்படி செய்தார். மூன்று வெள்ளைக் கிண்ணம், இரண்டு கரண்டி, பக்கத்தில் பித்தளைத் தொட்டி. சட்டியிலிருந்து குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றினார். கிண்ணத்திலிருந்து வேறொரு கரண்டியால் மொண்டார். மேலே எண்ணெய் சிவப்பு வட்டங்களாக மிதந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது. உதட்டைக் குவித்தார். உதடு குவியவில்லை. கையால் குவித்தார். உறிஞ்சினார்.

நல்ல உறிஞ்சு என்பது வாய்க்குள் எல்லா இடத்துக்கும் போக வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சத்தம். அன்று அது எல்லா இடத்துக்கும் போனது. நாக்கின் அடி, கன்னத்தின் உட்பக்கம், மேலண்ணம், மூக்கின் பின்கதவு. கொழுப்பு ஒரு மெல்லிய போர்வை மாதிரி நாக்கின் மேல் படுத்துக்கொண்டது. தேநீர் படுக்காது, வந்து போய்விடும். இது தங்கியது. உடம்பெல்லாம் மயிர் கூச்செறிய, கண்ணில் நீர் வர, முதுகு வளைய, ஆறுமுகசாமி தொட்டிமேல் குனிந்து துப்பினார், மறுபடி துப்பினார், ஏழு தடவை வாய் கொப்பளித்தார்.

இவ்வளவு நடந்தும், அந்த நாக்கு தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. உப்பு கால் பங்கு குறைவு. மிளகு பின்னால் வர வேண்டியது முன்னால் வந்து நிற்கிறது. ஒரு எலுமிச்சை பிழிந்தால் தெளிவு கிடைக்கும். மற்றபடி, குழம்பு அருமை.

இதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நாக்கு அவர் குலத்தையோ, கோத்திரத்தையோ, மூன்று தலைமுறையையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போதே, மேஜையில் உட்கார்ந்த அதிகாரி மாதிரி மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கிண்ணத்தைக் கேட்டது. உப்பும் எலுமிச்சையும் சேர்த்து அடுத்த கிண்ணமும் கொடுத்தார். இந்த முறை நார் ஒன்று கடைவாய்ப் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. ஈர்க்குச்சி, ஊசி, நூல் எதற்கும் வரவில்லை. பன்னிரண்டரைக்குக் கார் வந்துவிட்டது.

கீர்த்திவாசன் பருத்த மனிதர். சாப்பாட்டின் முன் பேசமாட்டார். மனைவி சுவாதி அதையும் சேர்த்துப் பேசினாள். முதல் வாயில் கீர்த்திவாசனின் புருவம் உயர்ந்தது. இரண்டாவது வாயில் கண் மூடியது. நான்காவது துண்டு முடிந்து எலும்பு சுத்தமாக இலை ஓரத்தில் வைக்கப்பட்டபோது, ஆறுமுகசாமி தலையைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"கறி என்னமா இறுகி இருக்கு, ஆனா பூவாட்டம் வெந்திருக்கு" என்றார் கீர்த்திவாசன். "எப்படிங்க?"

"வாட்டம் குடுத்தேனுங்க."

"ஏனுங்க மேக்கர், நீங்களும் உக்காருங்க. சேந்து சாப்பிடலாம்."

"இல்லீங்க, இருக்கட்டுங்க."

"அட உக்காருங்க. சமைச்சவரு சாப்புடாம நாங்க சாப்பிட்டா நல்லாவா இருக்கு?"

பிரசாத்தும் கண்ணால் உட்காரச் சொன்னார். ஆறுமுகசாமி தலையைச் சொறிந்தார். "இன்னைக்குக் கிருத்திகைங்க."

"கிருத்திகை புதன்கெழமையே வந்து போயிருச்சுங்க" என்றாள் சுவாதி. "எங்க மாமியார் விரதம் இருந்தாங்க. நானுந்தான் பட்டினி கெடந்தேன்."

ஆறுமுகசாமிக்கு அதற்கு மேல் பொய் சொல்லத் தெரியவில்லை. "நாங்க சைவமுங்க" என்றார்.

மேஜையில் இருந்த மூன்று பேரும் தங்கள் இலையைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பிரசாத்தின் முகம் சென்னைக்கு டிக்கெட் எடுக்கப் போவது போல் ஆனது.

"அப்ப உப்பெல்லாம் எப்படிங்க சரியாப் போட்டீங்க?" என்று கேட்டாள் சுவாதி.

"ருசி பாத்தேனுங்க. பாத்துட்டுத் துப்பீட்டேனுங்க."

அதுவரை அந்த வீட்டில் அருவருப்பு ஒருவருக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. இப்போது அது மேஜையைச் சுற்றி வந்தது. சுவாதி கையில் எடுத்த கவளத்தை மெதுவாகத் திரும்ப வைத்தாள். "துப்பீட்டா? எதுல?"

ஆறுமுகசாமி அவசரமாக உள்ளே போய், கிண்ணங்களையும் இரண்டு கரண்டியையும் பித்தளைத் தொட்டியையும் கொண்டுவந்து மேஜைக்குப் பக்கத்திலேயே வைத்து, சட்டியை எதுவும் தொடவில்லை என்று முறையாக விளக்கினார். தொட்டியைக் கொண்டுவந்திருக்க வேண்டாம். சுவாதி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

கீர்த்திவாசன் மட்டும் நிறுத்தாமல் மென்றுகொண்டிருந்தார். "ஏன் சுவாதி பயப்படற? துப்புனது அவுரு வாயில போனது. நம்ம வாயில போனத ஒண்ணும் துப்பலியே." பிறகு ஆறுமுகசாமியிடம் திரும்பினார். "எங்க, ஒருதடவ செஞ்சு காட்டுங்க."

"என்னங்க?"

"அந்த உறிஞ்சறது."

மறுக்க வாயைத் திறந்தார். பிரசாத் இரண்டு கையையும் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆறுமுகசாமி கரண்டியை எடுத்தார், உறிஞ்சினார், கண்ணை மூடினார், துப்பினார். பங்களா கண்ணாடிகள் அதிர்ந்தன. சுவாதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது குமட்டலா, சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை, கடைசியில் சிரிப்பாகத்தான் வெளியே வந்தது. கீர்த்திவாசன் ஐந்தாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையில் ஆழ்ந்துவிட்டார். அவர் யோசிப்பது கோழியைப் பற்றி இல்லை, வேன்களைப் பற்றி.

"பிரசாத், இத எந்த ஓட்டல்லயும் காட்ட மாட்டாங்க" என்றார். "சாப்பாட்டுக்கு முன்னாடி, எல்லாத்தயும் சுத்தி உக்கார வெச்சு, இவர இதச் செய்யச் சொல்லுங்க. நான் ஆளு அனுப்பறேன்."

சாயங்காலம் கொல்லையில், பனி இறங்கும் நேரத்தில், ஆறுமுகசாமி பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பற்கள் தந்தியடித்தன, அந்த நார் மட்டும் அசையவில்லை. மருதாம்பாள் துண்டோடு வாசலில் நின்றாள்.

"குவார்ட்டர்ஸ்?"

"நம்மதுதான்."

"முழுங்கலியே?"

பல்லிடுக்கில் இருப்பது முழுங்கியதில் சேருமா, துப்பியதில் சேருமா என்பதற்கு அவரிடம் இன்னும் தீர்ப்பு இல்லை. "வேன் வரப்போகுதாமா, வாராவாரம்" என்றார். மருதாம்பாள் துண்டைக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு வாளி தண்ணீர் கொண்டுவந்தாள். அது வெந்நீராக இருந்தது.

ஜனவரி முதல் சனிக்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். பிரசாத் ஆறுமுகசாமிக்கு ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கிப் போட்டிருந்தார். பித்தளைத் தொட்டியைப் புளி போட்டு விளக்கிப் பொன்னாக்கி, பங்களா ஹாலின் நடுவில், பூ ஜாடி இருந்த இடத்தில் வைத்திருந்தார்கள். பதினாறு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டார்.

ஆறுமுகசாமி உறிஞ்சினார். கண்ணை மூடினார். கொழுப்பு நாக்கில் படுத்தது, உடம்பு சிலிர்த்தது, முதல் நாளில் இருந்ததில் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. துப்பினார். ஃப்ளாஷ் அடித்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் கேட்டார்.

ருசி விஷயத்தில் ஆறுமுகசாமி யாரிடமும் பொய் சொன்னதில்லை. "உப்பு சரிங்க" என்றார். "எலுமிச்சை சரிங்க. காரம் பின்னாடி நிக்குது, அதும் சரிங்க. குமட்டுதுங்க."

கேமராக்காரர் கேமராவை இறக்கினார். பிறகு பதினாறு பேரும் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆளாக இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்.

வேன் கிளம்பிப் போனதும் பிரசாத் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அந்தக் கடைசீல 'குமட்டுதுங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, அதான் டாப். எல்லா வாரமும் அதையே அப்படியே சொல்லிருங்கண்ணா. மறந்துராதீங்க."

"அத நீங்க ஞாபகப்படுத்த வேண்டியதில்லீங்க தம்பி" என்றார் ஆறுமுகசாமி, கோட்டைக் கழற்றிக்கொண்டே. "அது தானா வருதுங்க."